குறும்படம் எதற்காக எடுக்கிறார்கள்? ஒன்றரை லட்சத்தைப் போடும் முன் ஒரு கேள்வி

தெருவிளக்கு:

கையில் 12 பக்க ஸ்கிரிப்ட் ஒன்று இருக்கிறது. பட்ஜெட் ஒன்றரை லட்சம். அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது. கேமராமேனும் எடிட்டரும் சம்பளம் வாங்காமல் வருகிறார்கள். முழுநீளப் படத்துக்கான கதை ஒன்றும் தனியாக இருக்கிறது. அது வேறு, இந்தக் குறும்படக் கதை வேறு.

குறும்படத்துக்கு டிக்கெட் விற்க முடியாது. யூடியூபில் போட்டால் செலவில் பாதிகூடத் திரும்பாது. அப்புறம் ஏன் இயக்குநர்கள் எடுக்கிறார்கள்? டிவியில் 'நாளைய இயக்குநர்' குறும்படப் போட்டி நடந்த காலத்தில் அதற்கு ஒரு கணக்கு இருந்தது. இன்றைக்கும் இருக்கிறதா? அதே பணத்தில் முழுநீளக் கதைக்கு ஒரு பைலட் (மாதிரிக் காட்சி) எடுத்துத் தயாரிப்பாளர்களிடம் காட்டுவது மேலா? "மனசுக்குப் பட்டதைச் செய்யுங்க தோழர்" வகைப் பதில்கள் வேண்டாம். விவரம் வேண்டும்.

---

எடிட்மேசை:

முதலில் யாருக்குக் காட்டப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். ஏன் எடுக்க வேண்டும் என்பது தானாகத் தெளிந்துவிடும். தயாரிப்பாளருக்கு, திரைப்பட விழாத் தேர்வுக் குழுவுக்கு, செல்போனில் பார்ப்பவருக்கு என்று மூன்று பேருக்கும் ஒரே படத்தை எடுக்க நினைப்பவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள். நீளம், தொடக்கம், எப்போது வெளியிடுவது என்று எல்லாமே ஆளுக்கு ஆள் மாறும்.

நீங்கள் சொன்ன கணக்கிலிருந்தே வருகிறேன். 2009இல் கலைஞர் டிவியில் தொடங்கிய 'நாளைய இயக்குநர்', குறும்படத்துக்கு ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டது. கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி, ராம்குமார், அருண்குமார் எல்லாம் அந்த வழியில் வந்தவர்கள். 2012இல் 'பீட்சா', 2013இல் 'சூது கவ்வும்', 2014இல் 'முண்டாசுப்பட்டி', 'பண்ணையாரும் பத்மினியும்'. கடைசி இரண்டும் குறும்படமாக இருந்து முழுநீளமானவை. 'காதலில் சொதப்புவது எப்படி', 'நேரம்' ஆகியவையும் அப்படித்தான்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அந்தக் குறும்படங்கள் "இவருக்கு நல்ல கதை தெரியும்" என்பதை மட்டும் நிரூபிக்கவில்லை. கதை தெரியும் என்பதை நரேஷனிலேயே (வாயால் கதை சொல்வதிலேயே) நிரூபித்துவிடலாம், அதற்கு கேமரா எதற்கு? அவை நிரூபித்தது, குறைந்த செலவில், குறித்த நேரத்தில், முகம் தெரியாத நடிகர்களை வைத்து இவரால் ஒரு தொனியைக் கடைசிவரை கொண்டுபோக முடியும் என்பதை. தயாரிப்பாளருக்கு வேண்டியது அதுதான். விஜய் சேதுபதி அதற்கு முன்பே கார்த்திக் சுப்புராஜின் குறும்படங்களில் நடித்திருந்தார். 'பீட்சா'வில் அவர்கள் ஒருவரை ஒருவர் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அதே நேரம் 'ஜிகர்தண்டா'தான் கார்த்திக் சுப்புராஜ் முதலில் எடுக்க நினைத்த கதை என்பதும் தெரிந்த விஷயமே. குறும்படத்தைக் காட்டி முதல் படம் வாங்கலாம். பெரிய பட்ஜெட் படத்தை வாங்குவது கஷ்டம், ஏனென்றால் குறும்படத்தில் தெரிவது சின்ன அளவில் உங்கள் கை எப்படி என்பது மட்டும்தான்.

இன்றைக்கு அந்த ஜன்னல் அதே மாதிரி இல்லை. அன்று ஒரு டிவி நிகழ்ச்சி வடிகட்டிக் கொடுத்தது. இப்போது வடிகட்ட ஆளில்லை, லிங்க் மட்டும் வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது. அலுவலகத்தில் அதைத் திறந்து பார்ப்பவர் பெரும்பாலும் தயாரிப்பாளர் அல்ல, அவருக்காகக் கதை கேட்கும் ஒருவர். முதல் ஒன்றரை நிமிடத்தில் ட்ரோன் ஷாட், அலாரம் அடிக்கிறது, ஹீரோ பல் துலக்குகிறார் என்று போனால் அவர் அடுத்த லிங்குக்குப் போய்விடுவார். (அந்த அலாரம் கடிகாரத்துக்கு ஒரு வாழ்நாள் சாதனையாளர் விருது கொடுத்து ஓய்வு கொடுத்துவிடலாம்.)

பைலட்டா குறும்படமா என்பதற்கு வருகிறேன். இரண்டும் வேறு பொருள். குறும்படம் தன்னளவில் முடியும். பைலட் முடிய வேண்டியதில்லை, "மீதியையும் பார்க்கணும்" என்று தோன்ற வைத்தால் போதும். 'சா' (Saw) என்ற ஆங்கிலத் திகில் படத்துக்கு முன் 2003இல் ஜேம்ஸ் வானும் லீ வானெலும் ஸ்கிரிப்டில் இருந்த ஒரே ஒரு பொறிக் காட்சியை எடுத்து, ஸ்கிரிப்டோடு சேர்த்துக் காட்டினார்கள். 2004இல் முழுப்படம் வந்தது. 'விப்லாஷ்' இரண்டுக்கும் நடுவில் நிற்பது. முழு ஸ்கிரிப்ட் கையில் இருக்கிறது, பணம் போட ஆளில்லை. ஜாஸ் டிரம்ஸ் வகுப்பில் ஆசிரியர் மாணவனை நசுக்கும் காட்சியை மட்டும் 18 நிமிடமாக எடுத்தார்கள். 2013இல் அமெரிக்காவின் சண்டான்ஸ் விழாவில் குறும்பட ஜூரி பரிசு வாங்கியது, அதைக் காட்டியே பணம் திரட்டினார்கள், 2014இல் அதே விழாவில் முழுநீளப்படம். ஆசிரியராக நடித்த ஜே.கே. சிம்மன்ஸ் இரண்டிலும் இருந்தார், மாணவனாக நடித்தவர் மாறினார். "டிரம்ஸ் வகுப்பை வைத்துத் த்ரில்லரா?" என்று பேப்பரில் படிப்பவர் நம்பமாட்டார். அந்தச் சந்தேகத்துக்குத்தான் அந்த 18 நிமிடம் பதில்.

ஆக, உங்கள் முழுநீளக் கதையில் எழுத்தில் படித்தால் நம்ப முடியாத விஷயம் ஏதாவது இருக்கிறதா? விநோதமான தொனி, புதுமாதிரி பயம், சிரிப்பும் அழுகையும் கலந்த ஒரு காட்சி, இப்படி. இருந்தால் 4 முதல் 6 நிமிடத்துக்கு அதை மட்டும் பைலட்டாக எடுங்கள், பொதுவில் போடாதீர்கள். அப்படி ஒன்றும் இல்லை, நேரடியான குடும்பக் கதை அல்லது போலீஸ் கதை என்றால் பைலட் வீண். பவுண்ட் ஸ்கிரிப்டும் (முழுசாக எழுதி முடித்த ஸ்கிரிப்ட்) ஒழுங்கான நரேஷனும் போதும். பணத்தைக் குறும்படத்தில் போடுங்கள்.

---

கால்ஷீட்:

மேலே சொன்னது சரி. ஆனால் ஒன்றரை லட்சத்தில் 12 பக்கம் முடியுமா என்று யாரும் கேட்கவில்லையே.

ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்பது பொதுக் கணக்கு. 12 பக்கத்தை இரண்டு நாளில் முடிக்க ஒரு நாளைக்கு 6 பக்கம். பக்கத்துக்கு 5 ஷாட் வைத்தால் நாளுக்கு 30 ஷாட். ஒரு ஷாட்டுக்குச் சராசரி 20 நிமிடம் என்றால் 10 மணி நேரம், அதில் சாப்பாட்டு இடைவேளை சேரவில்லை. அதாவது கணக்கு ஏற்கெனவே இழுத்துப் பிடித்த நிலையில் இருக்கிறது. இதன்மேல் லொகேஷன் மாறினால் மூட்டை கட்டி, வண்டியில் ஏற்றி, இறக்கி, மறுபடி லைட் வைக்க இரண்டு மணி நேரம் போகும். உங்கள் ஸ்கிரிப்டில் ஐந்து இடம் இருந்தால் இரண்டு நாளில் முடியாது. மூன்றாம் நாள் எடுக்கக் காசு கிடையாது. ஆகவே எழுத்திலேயே இரண்டு இடமாகக் குறையுங்கள். இரண்டும் நடந்து போகும் தூரத்தில் இருந்தால் புண்ணியம்.

ஒரே அறையில் எடுக்கும்போது ஷாட்டுகளைக் கதை வரிசையில் எடுக்காதீர்கள். கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்து ஷாட் எல்லாவற்றையும் முடித்துவிட்டுத் திரும்புங்கள். ஒவ்வொரு திருப்பத்துக்கும் லைட், ஸ்கிம்மர் (ஒளியை மென்மையாக்கும் திரை), தெர்மோகோல், கேபிள் எல்லாம் இடம் மாறும். முக்கால் மணி நேரம் அங்கேயே கரையும். கண்டினியூட்டி (ஷாட்டுக்கு ஷாட் உடை, பொருள் மாறாமல் இருக்கிறதா என்று) பார்க்க ஒரு ஆளைத் தனியாகப் போடுங்கள், இயக்குநரே பார்க்கக் கூடாது. ஒவ்வொரு ஷாட் முடிவிலும் செல்போனில் ஒரு ஃபோட்டோ எடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

பணத்தைப் பிரிப்பதற்கு ஒரு மாதிரி. ஊருக்கு ஊர் வாடகை மாறும், ஆனால் விகிதம் இந்த அளவில் இருக்கட்டும்: கேமரா, லென்ஸ் 25,000. லைட், லைட்மேன் 18,000. சவுண்ட் ரெக்கார்டிஸ்ட் கருவியோடு 20,000. சாப்பாடு, வண்டி 28,000. ஆர்ட், காஸ்ட்யூம் 12,000. ஒலி மிக்ஸிங், டிஐ (நிறத் திருத்தம்) 20,000. விழாக் கட்டணம், டிசிபி (தியேட்டரில் ஓட்டும் டிஜிட்டல் பிரதி) 15,000. கையில் தொடாமல் வைப்பது 12,000. கூட்டினால் ஒன்றரை லட்சம்.

சாப்பாட்டுக்கு 28 ஆயிரமா என்று கேட்பீர்கள். 15 பேர், 2 நாள், 3 வேளை என்றால் 90 சாப்பாடு, அதற்கு மேல் டீ, வடை, தண்ணீர், பெட்ரோல். சம்பளம் இல்லாமல் வருபவருக்குக் கொடுக்க முடிந்த ஒரே மரியாதை நேரத்துக்குச் சாப்பாடு. மதியம் மூன்றரைக்கு ஆறிப்போன பொட்டலத்தைக் கொடுத்தால் நாலு மணிக்கு மேல் யூனிட்டில் ஒருத்தரும் ஓட மாட்டார்கள்.

பெரும்பாலானோர் இந்தப் பட்டியலில் விடுவது விழாக் கட்டணம். ஷூட்டிங்கில் எல்லாவற்றையும் கரைத்துவிட்டு, படம் முடிந்த பிறகு அனுப்பக் காசில்லாமல் யூடியூபில் போட்டுவிடுவார்கள். அப்படிப் போட்ட அன்றே பல விழாக்களின் கதவு மூடிவிடுகிறது. அதைப் பற்றித் தெரிந்தவர்கள் விரிவாகச் சொல்லட்டும்.

---

பூம்ராடு:

சவுண்டுக்கு 20 ஆயிரம் ஒதுக்கிய கால்ஷீட்டுக்கு ஒரு கும்பிடு. பலர் அந்த இடத்தில் பூஜ்யம் போட்டுவிட்டு "டப்பிங்கில் பார்த்துக்கலாம்" என்பார்கள்.

டப்பிங் தொழில்முறை நடிகர்களுக்கு. மைக் முன்னால் நின்று, தன் உதட்டையே பார்த்து, அதே உணர்ச்சியைத் திரும்பக் கொண்டுவருவது தனி வித்தை. குறும்படத்தில் நடிப்பவர் பக்கத்து வீட்டு அண்ணனும் கல்லூரித் தோழியும். ஷூட்டிங்கில் உயிரோடு பேசியவர் ஸ்டூடியோவில் செய்தி வாசிப்பார். நடிப்பு செத்த படத்தை எந்தத் தேர்வுக் குழுவும் எடுக்காது. படம் கொஞ்சம் இருட்டாக இருந்தால் ரசனை என்று விட்டுவிடுவார்கள். வசனம் புரியாவிட்டால் மன்னிப்பு கிடையாது.

செய்ய வேண்டியது:

லொகேஷன் பார்க்கப் போகும்போது கண்ணை மூடி இரண்டு நிமிடம் நில்லுங்கள். பக்கத்தில் பள்ளிக்கூடமா, லேத் பட்டறையா, பஸ் ஸ்டாப்பா? எந்த நேரத்தில் ஷூட்டிங்கோ அதே நேரத்தில் போய்க் கேளுங்கள். ஞாயிறு காலை அமைதியாக இருந்த தெரு திங்கள்கிழமை வேறு தெரு.

ஃபேன், ஏசி, ஃப்ரிட்ஜ் மூன்றையும் அணையுங்கள். ஃப்ரிட்ஜை அணைத்ததும் உங்கள் வண்டிச் சாவியை அதற்குள்ளே வையுங்கள். திரும்பப் போடாமல் வீட்டுக்குப் போக முடியாது. வீட்டுக்காரரின் மீன் குழம்பு தப்பிக்கும்.

ரெக்கார்டரில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். வசனத்தின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் அருகில் நிற்கட்டும். கத்தும் காட்சிக்கு இன்னும் குறையுங்கள். ஒருமுறை உடைந்த ஒலியை எந்த மென்பொருளும் முழுசாக ஒட்டவைக்காது. பூம் மைக் (நீளக் கம்பில் மாட்டிய மைக்) ஃப்ரேமுக்குச் சற்று வெளியே, தலைக்கு ஒன்றிரண்டு அடி மேலே, வாயை நோக்கி இருக்க வேண்டும். காலர் மைக் மட்டும் போதும் என்பார்கள். பட்டுப்புடவை, ஸ்டார்ச் போட்ட சட்டை, தாலிச்சங்கிலி எல்லாம் உரசி ஒவ்வொரு அசைவுக்கும் சரசரக்கும். இரண்டையும் தனித்தனி டிராக்கில் எடுங்கள். கேமராவின் சொந்த மைக்கும் ஓடட்டும், ஒத்திசைக்க உதவும். கிளாப் அடிக்க மறக்காதீர்கள்.

ஒவ்வொரு இடத்திலும் எல்லோரையும் அசையாமல் நிற்கவைத்து 60 விநாடி அறையின் வெறும் ஒலியைப் பதிவு செய்யுங்கள். எடிட்டில் இரண்டு வசனத்துக்கு நடுவே உள்ள ஓட்டையை அடைக்க அது இல்லாமல் முடியாது. அந்த ஒரு நிமிடத்தில் கட்டாயம் ஒருத்தர் இருமுவார். மறுபடி எடுங்கள்.

கேமரா பற்றியும் ஒன்று, ஒலியோடு சம்பந்தப்பட்டது என்பதால். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய டியூப்லைட்டும் மலிவு எல்இடியும் விநாடிக்கு 100 முறை மினுக்கும். விநாடிக்கு 24 ஃப்ரேமில் வழக்கமான 1/48 ஷட்டர் (ஒவ்வொரு ஃப்ரேமும் ஒளி வாங்கும் நேரம், விநாடியில்) வைத்தால் சுவரில் மெல்லிய பட்டை ஊர்ந்து போகும், சின்ன மானிட்டரில் தெரியாது, பெரிய திரையில் தெரியும். ஷட்டரை 1/50 வையுங்கள், கோணக் கணக்கில் 172.8 டிகிரி. "அதற்குப் பதில் 25 ஃப்ரேமில் எடுத்துவிட்டால்?" எடுக்கலாம், யூடியூபுக்கு மட்டும் என்றால் பிரச்சினை இல்லை. தியேட்டர் திரையிடலுக்கு 24 கேட்டால் பின்னால் மாற்ற வேண்டிவரும். அப்போது படம் 4 சதவீதம் மெதுவாகும், நீளம் கூடும், சுருதியைத் திருத்தாவிட்டால் குரல் கனக்கும். முதலிலேயே 24, ஷட்டர் 1/50.

---

தெருவிளக்கு:

நன்றி, இடங்களை ஐந்திலிருந்து இரண்டாகக் குறைக்க முடியும் என்று தெரிகிறது. முழுநீளக் கதையில் "எழுத்தில் நம்ப முடியாத" விஷயம் பெரிதாக இல்லை. அதனால் குறும்படம்தான். அப்படியானால் விழாவா, யூடியூப் சேனலா? ஒரு சேனல் "படத்தை எங்களிடம் கொடுங்கள், நாங்கள் வெளியிடுகிறோம், பணம் கிடையாது, ரீச் கிடைக்கும்" என்கிறது. கையெழுத்துப் போடலாமா?

---

மூன்றாம்_மணி:

கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தில் ஒரு வார்த்தையைத் தேடுங்கள்: ரீமேக் உரிமை. "இந்தப் படைப்பிலிருந்து உருவாகும் அனைத்து வடிவங்களும்" என்று சுற்றிவளைத்தும் எழுதியிருப்பார்கள். அதில் கையெழுத்துப் போட்டால் நாளை உங்கள் குறும்படத்தை நீங்களே முழுநீளமாக எடுக்க அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும். கொடுப்பது இணைய ஒளிபரப்பு உரிமை மட்டும், இத்தனை வருடம், கதை உரிமையும் ரீமேக்கும் இயக்குநருக்கே என்று எழுதி வாங்குங்கள்.

1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டம் 19ஆம் பிரிவைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று எடுத்துக்கொள்ளப்படும். "காலவரையின்றி, உலகம் முழுவதும்" என்று ஒப்பந்தத்தில் இருந்தால் அது சும்மா போட்ட அலங்காரம் இல்லை, அந்தப் பாதுகாப்பை உங்களிடமிருந்து எடுத்துவிடுகிறது. இன்னொன்று: சட்டப்படி படத்தின் முதல் உரிமையாளர் தயாரிப்பாளர். யார் பணம் போடுகிறாரோ அவர் பெயர் டைட்டிலில் எப்படி வருகிறது என்பதில் கவனம். நண்பன் 50 ஆயிரம் கொடுத்தான் என்று 'தயாரிப்பு' என அவன் பெயரை மட்டும் போட்டுவிட்டுப் பின்னால் முட்டிக்கொள்ளாதீர்கள். ஸ்கிரிப்டைத் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்திலோ பதிப்புரிமை அலுவலகத்திலோ பதிந்துவையுங்கள்.

சொந்த சேனலில் போட்டுச் சம்பாதிக்கலாமா? விளம்பர வருமானத்துக்கு 1000 சப்ஸ்கிரைபரும், 12 மாதத்தில் 4000 மணி நேரப் பார்வையும் வேண்டும். 4000 மணி என்பது 2,40,000 நிமிடம். சராசரியாக ஒருவர் 4 நிமிடம் பார்த்தால் 60,000 பார்வைகள், அதுவும் வருமானம் தொடங்கும் வாசலுக்கே. ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு சேனல் நடத்துவது, ஒரே ஒரு இட்லியை வைத்துக் கடை போடுவது மாதிரி.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் விழா, பிறகு இணையம். தலைகீழாகச் செய்ய முடியாது. முதல் திரையிடல் தங்களுடையதாக இருக்க வேண்டும் என்று கேட்கும் விழாக்கள் உண்டு, இணையத்தில் ஏற்கெனவே உள்ள படத்தைத் தொடாத விழாக்களும் உண்டு. ஆஸ்கர் கனவு இருப்பவர்களுக்கு: தகுதிபெறும் முன் இணையத்தில் வெளியான படம் ஓட்டத்திலேயே இல்லை. ஓர் ஆண்டு பொறுமையாகச் சுற்றவிட்டு, பிறகு சேனலில் கொடுங்கள். விழா முத்திரையோடு வரும்போது அதே சேனல் உங்களிடம் வேறு மாதிரி பேசும்.

நீளத்தைப் பற்றி. கான் விழாவின் குறும்படப் போட்டிக்கு டைட்டில் உட்பட 15 நிமிடம்தான் எல்லை. பெர்லினில் 30. ஆஸ்கரில் 40, அதுவும் கடைசி டைட்டில் வரை சேர்த்து. முதுமலை தெப்பக்காட்டில் எடுத்து 2023இல் ஆஸ்கர் வாங்கிய 'தி எலிஃபென்ட் விஸ்பரர்ஸ்' அந்த எல்லைக்குள் அடங்கிய ஆவணப்படம். ஆனால் எல்லை 40 என்பதால் 38க்கு எடுக்காதீர்கள். விழாவில் ஒன்றரை மணி நேரக் காட்சிக்கு ஐந்தாறு படம் அடுக்குவார்கள். 25 நிமிடப் படம் ஒன்றை எடுக்க, நல்ல 12 நிமிடப் படங்கள் இரண்டைக் கழற்ற வேண்டும். சந்தேகம் வரும்போது சின்னதே ஜெயிக்கும். உங்கள் 12 பக்கம் நல்ல அளவு. முன்னால் மூன்று லோகோ, நன்றி அட்டை, பின்னால் இரண்டரை நிமிட டைட்டில் என்று அதை 16 ஆக்காதீர்கள்.

எங்கே அனுப்புவது? திருவனந்தபுரத்தில் கேரள அரசின் ஆவணப்பட, குறும்பட விழா, பெங்களூரு குறும்பட விழா, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் மும்பை ஆவணப்பட, குறும்பட விழா. வெளியே குறும்படத்துக்கென்றே நடப்பதில் பெரியது பிரான்ஸின் கிளெர்மோன் ஃபெரான். மாதாமாதம் விருது கொடுக்கும் ஆன்லைன் விழாக்களைத் தவிருங்கள். திரையிடல் அரங்கின் பெயர் இல்லை, ஜூரி யார் என்று இல்லை, 80 பிரிவு இருக்கிறது, ஒவ்வொரு பிரிவுக்கும் தனிக் கட்டணம் என்றால் அது விருதுக் கடை. போஸ்டரில் பதினெட்டு இலை வளையம் (விழா முத்திரை) இருந்தாலும் விஷயம் தெரிந்தவர் அதில் எது உண்மை என்று ஒரு நொடியில் பார்த்துவிடுவார். தேசிய விருதுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும், அதற்கான நேரத்தையும் கட்டணத்தையும் கணக்கில் சேருங்கள்.

பின்னணியில் இளையராஜா பாட்டு ஓடும் டீக்கடை காட்சி இருக்கிறதா? எடுத்துவிடுங்கள். ரேடியோவில் தூரத்தில் கேட்டாலும் உரிமை உரிமைதான். யூடியூப் உடனே கண்டுபிடிக்கும், விழா ஒப்புதல் கடிதம் கேட்கும். நடித்த எல்லோரிடமும், வீடு கொடுத்தவரிடமும் ஒரு பக்கச் சம்மதக் கடிதம் ஷூட்டிங் நாளிலேயே வாங்குங்கள். பிறகு வாங்கப் போனால் ஒருத்தர் துபாயில் இருப்பார்.

---

எட்டாவது_ரீல்:

இவ்வளவு பேர் எழுதியதில் ஒருவர்கூட "குறும்படம் எடுக்க ஆசை, அதனால் எடுக்கிறார்கள்" என்று சொல்லவில்லை. விசிட்டிங் கார்டு, பைலட், முத்திரை. சிறுகதை எழுதுபவரைப் பார்த்து "நாவல் எப்போ?" என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் குறைவு. குறும்படம் எடுப்பவரை மட்டும் விடுவதில்லை.

சினிமாவே குறும்படமாகத்தான் பிறந்தது. 1895இல் லூமியேர் சகோதரர்கள் காட்டிய ஒவ்வொன்றும் 50 விநாடி அளவு, கேமராவுக்குள் போன சுருளின் நீளம் ஏறக்குறைய 17 மீட்டர் என்பதால். அதைவிட முக்கியமான சாட்சி சத்யஜித் ராய். 1964இல், 'பதேர் பாஞ்சாலி' வந்து ஒன்பது வருடம் கழித்து, உலகமே அறிந்த இயக்குநராக இருந்தபோது 'டூ' எடுத்தார். கால்மணி நேரத்துக்குள் முடியும், வசனமே கிடையாது. மாடி ஜன்னலில் பணக்காரப் பையன், கீழே குடிசைப் பையன், ஒருவன் பொம்மைக்கு மற்றவன் பொம்மை பதில். அவர் யாரிடமும் வாய்ப்பு கேட்கவில்லை. அந்த விஷயம் அந்த நீளத்தில்தான் நிற்கும். இரண்டு மணி நேரமாக இழுத்தால் அந்தப் பையன்களுக்கு அப்பா, அம்மா, பிளாஷ்பேக் எல்லாம் வந்துவிடும்.

பெரிய இயக்குநர்கள் குறும்படத்துக்கு வருவதற்கு இன்னொரு காரணம், முழுநீளத்தில் செய்ய முடியாததைச் செய்துபார்க்க. 2020 ஊரடங்கில் கௌதம் மேனன் 'கார்த்திக் டயல் செய்த எண்' எடுத்தது நடிகர்கள் அவரவர் வீட்டில் இருந்தபடியே, செல்போனில். யூனிட்டைக் கூட்டவே முடியாத நாளில் ஒரு படம் சாத்தியமா என்ற கேள்விக்கு அது ஒரு பதில்.

இது நடைமுறைக்கும் உதவும் என்பதால் சொல்கிறேன். விசிட்டிங் கார்டு என்று நினைத்து எடுப்பவர் தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் 12 நிமிடத்தில் காட்டப் பார்ப்பார்: ஜிம்பல் ஷாட், சண்டை, ஒரு பாட்டு, கடைசியில் ட்விஸ்ட், அதற்கும் பிறகு கறுப்புத் திரையில் ஒரு சமூகக் கருத்து. ட்விஸ்ட் குறும்படத்தின் பெரிய பொறி. கடைசி 20 விநாடிக்காக முதல் 11 நிமிடத்தைத் தகவலை மறைப்பதிலேயே செலவழிக்கிறார்கள், பாத்திரம் வளரவே வழியில்லை. உங்கள் ஸ்கிரிப்டில் கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் படியுங்கள். மீதி 11 பக்கத்தில் பார்க்க ஏதாவது இருக்கிறதா? இல்லையென்றால் ஷூட்டிங் தேதி வைக்காதீர்கள். ஒரு பாத்திரம், ஒரு ஆசை, ஒரு தடை, ஒரு முடிவு. பாத்திரங்கள் மூன்றுக்கு மேல் போனால் பெயர் நினைவில் வைக்கவே பார்வையாளருக்கு நேரம் போதாது.

---

எடிட்மேசை:

எட்டாவது ரீலோடு சண்டை இல்லை. அந்த வடிவத்தை நேசித்து எடுத்த படம்தான் விசிட்டிங் கார்டாகவும் வேலை செய்கிறது. ஆனால் தெருவிளக்குக்கு ஒன்றரை லட்சம் தன் கைக்காசு, அதனால் கணக்கும் பேசத்தான் வேண்டும்.

எடிட் பக்கம் விட்டுப்போன சில விஷயங்கள். சோனி எஃப்எக்ஸ்3 மாதிரி கேமராவில் 4கே ஆல் இன்ட்ரா முறை (ஒவ்வொரு ஃப்ரேமையும் தனித்தனியாகச் சேமிப்பது) விநாடிக்குச் சுமார் 250 மெகாபிட், எடுத்த ஒரு மணி நேரக் காட்சிக்கு (ரஷ்) 110 ஜிபி அளவு. நாளுக்கு 30 ஷாட், ஷாட்டுக்கு 4 டேக், டேக்குக்கு ஒரு நிமிடம் என்றால் நாளுக்கு 2 மணி நேரம். இரண்டு நாளைக்கு 450 ஜிபியை நெருங்கும். 1 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்குங்கள், இரண்டிலும் பிரதி எடுத்து, ஃபைல்களைத் திறந்து ஓட்டிப் பார்த்த பிறகே கார்டை ஃபார்மட் செய்யுங்கள். இரண்டும் ஒரே பையில் ஒரே பைக்கில் வீட்டுக்குப் போகக் கூடாது.

விழாவுக்கு ஆங்கில சப்டைட்டில் கட்டாயம். அதை ஷூட்டிங் ஸ்கிரிப்டிலிருந்து எடுக்காதீர்கள், லாக் ஆன (இனி மாறாது என்று முடிவான) எடிட்டைப் பார்த்து எழுதுங்கள். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், வரிக்கு 42 எழுத்து எல்லை. "மச்சி", "டேய்", "என்னங்க" இவற்றை வார்த்தைக்கு வார்த்தை மாற்ற முயல வேண்டாம், உறவின் தொனி வாக்கியத்திலேயே தெரிந்தால் போதும். மொழிபெயர்த்ததைத் தமிழ் தெரியாத ஒருவரிடம் காட்டி, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கிறாரா என்று பாருங்கள்.

டிசிபிக்கு டிசிபி-ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. 1.85 விகிதம் என்றால் 1998க்கு 1080, ஸ்கோப் (அகலத் திரை) என்றால் 2048க்கு 858. வழக்கமான 1920க்கு 1080இல் எடுத்ததை அப்படியே போட்டால் இரண்டு பக்கமும் மெல்லிய கறுப்புப் பட்டை வரும், பயப்பட வேண்டாம். எடுத்த டிசிபியை அனுப்பும் முன் ஏதாவது ஒரு தியேட்டரில் காலைக் காட்சிக்கு முன் ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஒலி இடது ஸ்பீக்கரில் மட்டும் வருவது அங்கேதான் தெரியும்.

---

கால்ஷீட்:

அந்த 12,000 இருப்புத் தொகையைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் நாள் மாலையே அதில் கை வைக்கச் சொல்லி யாராவது வருவார்கள்: இன்னொரு லைட், ஒரு நாள் ட்ரோன், கொஞ்சம் நல்ல லென்ஸ். கொடுக்காதீர்கள். அது மழைக்கும், ஜெனரேட்டர் டீசலுக்கும், இரண்டாம் நாள் வராமல் போகும் நடிகருக்குப் பதிலாக இன்னொரு அரை நாள் எடுக்கவும். மூன்றில் ஒன்று கட்டாயம் நடக்கும். ஒன்றும் நடக்காவிட்டால் மிக்ஸிங்கில் இன்னொரு நாள் உட்காருங்கள்.